ஆராய்ச்சி மணி யார் கையில்?

கேள்வி கேட்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர், விடை சொல்ல வேண்டிய நாற்காலியில் சென்று அமர்ந்தால் அதனை ஏற்றம் என்பதா, இழப்பு என்பதா? நேபாள நாட்டுத் தொலைக்காட்சியாளர் ரவி லாமிச்சானே அரசியலில் அடைந்த வேகமான வளர்ச்சியை வியந்து பேசுவோர் பலர். பழைய கட்சிகளின் கறை படியாதவர் வந்தார்; வாயால் பேசியதைக் கையால் செய்து காட்ட இறங்கினார்; மக்களும் வாக்களித்து ஏற்றுக்கொண்டனர்; இதில் குறை காண என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கின்றனர். குறை இருக்கிறது. அவர் கெட்டவர் என்பதனால் அன்று. ஒரு காலத்தில் அந்நாட்டு எளியோருக்கு மிகவும் பயன்பட்டவர் என்பதனாலேயே இருக்கிறது.

அவருக்குரிய நன்மையை முதலில் சொல்லிவிடுவதே முறை. நியூஸ் 24 என்னும் தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு 'ஸீதா குரா ஜனதா ஸங்க' என்று பெயர். மக்களோடு நேரான பேச்சு என்பது அதன் பொருள். அதற்கு முன்பே, 2013ஆம் ஆண்டில், 62 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது உரையாடல் நிகழ்ச்சி நடத்தி உலகச் சாதனை ஏட்டில் இடம் பிடித்து அவர் பெயர் பெற்றிருந்தார். ஆனால் மக்கள் அவரை நேசித்தது அந்த விந்தைக்காக அன்று. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கால் தேய்ந்தவர்கள், காவல் நிலையத்தில் விரட்டப்பட்டவர்கள், வெளிநாட்டு வேலை என்று நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஆகியோரின் முறையீட்டை அவர் கேட்டார். பொறுப்பான அதிகாரியைக் குரலுயர்த்திக் கேட்டார். மறைகாமிராவைக் கொண்டு சென்று கையூட்டு வாங்குவோரைப் படம் பிடித்தார்.

வளைகுடாவில் பிழைக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரே அறையில் மேல்கட்டிலில் தமிழன் படுத்திருந்தால் கீழ்க்கட்டிலில் நேபாளி படுத்திருப்பான். இருவரும் ஏமாந்த கதை ஏறக்குறைய ஒன்றே. கத்தாரிலும் மலேசியாவிலும் சவூதியிலும் உழைக்கும் நேபாளிகள் அனுப்பும் பணத்தில்தான் அந்நாட்டின் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. அவர்களுள் மரித்தோரின் பெட்டிகள் காத்மாண்டு விமான நிலையத்தில் வந்து இறங்குவதும் வழக்கமாகிவிட்ட துயரம். இத்தகைய குடும்பங்களுக்கு அரசு அலுவலகம் திறக்காத கதவை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி திறந்தது என்றால், அவர்கள் அதனை நடத்தியவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் காக்கலாம், அதனை மூலதனமாகப் போட்டு வாணிகம் செய்ய ஒப்படைத்தவரின் அனுமதி வேண்டும்.

நேபாளத்தில் ஒலிபரப்பு என்பது எப்படிப்பட்ட வரலாறு உடையது என்பதையும் எண்ண வேண்டும். 1997இல் காத்மாண்டுவில் தொடங்கிய ரேடியோ சாகர்மாதா, தெற்காசியாவிலேயே அரசின் கையில் இல்லாத முதல் சமூக வானொலி என்ற பெருமையுடையது. 2005 பிப்ரவரி முதல் நாள் அரசர் ஞானேந்திரா ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டபோது, செய்தி அறைகளுக்குள் படைவீரர் புகுந்தனர். பண்பலை வானொலிகள் செய்தியே ஒலிபரப்பக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. அந்த வானொலிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தெருமுனையில் நின்று கூட்டத்தார்க்குச் செய்தியை வாசித்தார்கள். பாட்டுக்குத் தடையில்லையே என்று செய்தியைப் பாட்டாகப் பாடினார்கள். அதே ஆண்டு நவம்பரில், மாவோயிஸ்டுத் தலைவர் பிரசண்டாவின் பேட்டியை பி.பி.சி. நேபாளிச் சேவையிலிருந்து அஞ்சல் செய்யவிருந்த சாகர்மாதா நிலையத்தில் காவலர் புகுந்து கருவிகளைக் கைப்பற்றி, ஊழியரையும் பிடித்துச் சென்றனர். ஒலிவாங்கி முன் அமர்ந்தவர் சொன்னால் மெய்யாயிருக்கும் என்னும் எண்ணம் நேபாள மக்களின் நெஞ்சில் சும்மா வந்துவிடவில்லை. பெயர் தெரியாத பலர் அதற்கு விலை கொடுத்திருக்கின்றனர். லாமிச்சானே திரையில் தோன்றியபோது அந்தச் சேமிப்பும் அவர் கணக்கில் சேர்ந்தது.

இனி, அந்த நிகழ்ச்சியிலேயே ஒரு கோளாறு இருந்தது. அதைச் சொல்லாமல் பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது. அரபு இலக்கணம் படித்த மாணவன் முதல் வாரத்திலேயே கற்கும் பாடம் ஒன்றுண்டு. பெயர் வாக்கியத்தின் எழுவாயை முப்ததா என்பர். அதனைப் பற்றிச் சொல்லப்படுவதை கபர் என்பர் (மண்ணறையைக் குறிக்கும் கப்று வேறு). செய்திக்கும் அதே சொல்தான்: கபர். யாரைப் பற்றியோ, எதைப் பற்றியோ சொல்லப்படுவதே செய்தி. சொல்பவர் தாமே எழுவாயாக ஏறி அமர்ந்துகொண்டால் வாக்கியம் புரண்டுவிடுகிறது. லாமிச்சானேயின் நிகழ்ச்சியில் முறையிட வந்த ஏழை மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனார்; முறையீட்டைக் கேட்டுச் சீறும் நாயகர் முன்னுக்கு வந்தார். வழக்கை எடுத்துரைப்பவர், சாட்சியை விசாரிப்பவர், தீர்ப்புக் கூறுபவர் மூவரும் ஒருவரே. எதிர்த்தரப்பார் வாய்திறக்குமுன் திரையில் அவர் குற்றவாளி ஆகிவிடுவார். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைக்கும் காழியை எந்த ஊர் ஜமாஅத்தும் ஒரு வாரம் தாங்காது. தொலைக்காட்சியில் மட்டும் அதைக் கைதட்டி வரவேற்கிறோம்.

2022 ஜூன் மாதத்தில், தாம் நிர்வாக இயக்குநராக இருந்த கேலக்ஸி 4கே தொலைக்காட்சியின் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். அதே மாதம் 21ஆம் நாள் ராஷ்ட்ரிய சுவதந்திர கட்சி என்னும் புதுக்கட்சியை அறிவித்தார். நவம்பர் 20இல் தேர்தல். இடையில் இருந்தது ஐந்தே மாதம். 275 உறுப்பினர் கொண்ட கீழவையில் புதுக்கட்சி 20 இடங்களைப் பெற்று நான்காம் பெரிய கட்சியாயிற்று. சித்வன் மாவட்டத்து இரண்டாம் தொகுதியில் அவரே வென்றார். மக்கள் அவ்வாறு வாக்களித்ததற்குத் தக்க காரணம் இருந்தது. 2008இல் குடியரசான நாட்டில் காங்கிரசின் தேவுபா, எமாலே கட்சியின் ஓலி, மாவோயிஸ்டு பிரசண்டா ஆகியோரே சுழன்று சுழன்று பிரதமர் பதவிக்கு வந்துகொண்டிருந்தனர். சலித்துப்போன மக்கள் வேறு கதவைத் தட்டினர். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

கட்சியின் சின்னம் எது என்று பாருங்கள்: மணி. அரண்மனை வாயிலில் மணி கட்டிய மன்னர்களைப் பற்றி நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். மனுநீதிச் சோழனின் வாயிலில் கன்றை இழந்த பசு இழுத்த மணி உண்டு. ஆக்ரா கோட்டையில் ஜஹாங்கீர் தொங்கவிட்ட நீதிச் சங்கிலியில் மணிகள் உண்டு. அந்த மணிகளுக்கு மதிப்பு வந்ததே கயிறு வெளியே தொங்கியதனால்தான். வெளியே நிற்பவன் இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் செவிகொடுக்க வேண்டும். நியூஸ் 24 நாள்களில் லாமிச்சானே அந்தக் கயிற்றின் முனையைப் பிடித்து மக்கள் கையில் கொடுத்தார். 2022இல் மணியைக் கழற்றிக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தார்.

நுழைந்து அமர்ந்த இடம் எது? டிசம்பர் 26ஆம் நாள், பிரசண்டா தலைமையில் அமைந்த அமைச்சரவையில் துணைப் பிரதமர், அத்துடன் உள்துறை. கல்வியைக் கேட்கவில்லை, வெளிநாட்டுத் தொழிலாளர் துயரை அத்தனை நாள் பேசினாரே, தொழிலாளர் துறையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. காவல் துறையும் மாவட்ட நிர்வாகமும் எந்தத் துறையின் கீழோ அந்தத் துறையே அவருக்கு வேண்டியிருந்தது. நேபாளத்தில் குடியுரிமைச் சான்றிதழ் வழங்குவது மாவட்ட நிர்வாக அலுவலகம். அதுவும் உள்துறையின் கீழ்தான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லாமிச்சானே 2014இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2018இல் அதனைத் துறந்தவர். வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றவுடன் நேபாளக் குடியுரிமை தானே அற்றுப்போகும் என்பது அந்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம். வேற்றுக் குடியுரிமையைத் துறந்தவர் திரும்ப விண்ணப்பித்துப் பெற வேண்டும். அவர் விண்ணப்பிக்கவில்லை. பழைய சான்றிதழைக் காட்டித் தேர்தலில் நின்றார். 2023 ஜனவரி 27இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் அவர் குடியுரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. உறுப்பினர் பதவி, அமைச்சர் பதவி, கட்சித் தலைமை எல்லாம் ஒரே நாளில் போயின. இரண்டு நாள் கழித்து, முறையாக விண்ணப்பித்துக் குடியுரிமையைத் திரும்பப் பெற்றார். இரண்டே நாளில் முடிந்த காரியத்தை நான்கரை ஆண்டுகளாக ஏன் செய்யவில்லை என்னும் கேள்வியை, வேறொரு அமைச்சர் விஷயத்தில் என்றால் அவருடைய நிகழ்ச்சியே எத்தனை இரவு கேட்டிருக்கும்!

இது காகிதக் குற்றம், மனிதர் நேபாளியே அன்றோ என்பர் அவர் ஆதரவாளர். ஆம், காகிதக் குற்றந்தான். ஒரு முத்திரை குறைந்த காகிதத்தால் வாழ்விழந்த எளியோர் நேபாளத்தில் எத்தனை பேர் என்பதை அவர்களைப் பேட்டி கண்டவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் ஒருவரிடம் அதே சட்டம் வந்தபோதுதான் அது வெறும் காகிதமாயிற்று. அதன் பின்னும் அவர் கேட்டது என்ன? மீண்டும் உள்துறையே. அவருடைய கடவுச்சீட்டு பற்றிய புகாரை விசாரிக்க வேண்டிய காவல் துறை அந்தத் துறையின் கீழ் இருக்கிறது. பிரசண்டா மறுத்தார். உடனே பிப்ரவரி 5இல் தம் கட்சி அமைச்சர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அன்று அவர் செய்தியாளர்களைக் கூட்டிப் பேசிய பேச்சே என் வழக்கின் முதற்சான்று. தம் வீழ்ச்சிக்குப் பெரிய பத்திரிகை முதலாளிகளே காரணம் என்று பொழிந்து தள்ளினார். நேபாளப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு கண்டித்தது. எதிரில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்த இளைஞர்கள் யார்? நேற்றுவரை அவர் செய்த தொழிலைச் செய்பவர்கள். அவர்கள் கேட்டது நேற்றுவரை அவர் கேட்ட கேள்வி. பல்லாண்டுகள் கேள்வி கேட்டுப் பழகியவருக்கு ஒரு மாதம் விடை சொல்லப் பொறுமை இல்லை. மரபு அரசியல்வாதிகூட இவ்விஷயத்தில் மேல். கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிக்கும் கலையாவது அவனுக்குத் தெரியும்.

மக்கள் தீர்ப்பு இருக்கிறதே என்பர். 2023 ஏப்ரல் இடைத்தேர்தலில் அதே சித்வன் தொகுதியில் 54,000க்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார், உண்மை. வாக்கு ஒருவரை உறுப்பினராக்கும். ஆனால் திரையில் அறிந்த மனிதருக்கே அந்த வாக்கு விழுந்தது. அத்திரையில் கேள்வியெல்லாம் அவருடையது. அவரை நோக்கிய கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு வேட்பாளர் ஐந்தாண்டுகள் நாள்தோறும் வீட்டு நடுக்கூடத்தில் தனியாகப் பிரசாரம் செய்ய வாய்த்தால், மற்றவர் ஐந்து வாரம் தெருவில் கத்தி என்ன பயன்?

2024 மார்ச்சில் அரசியல் காற்று திரும்பியது. மீண்டும் துணைப் பிரதமர், மீண்டும் உள்துறை. மே மாதம் 21ஆம் நாள், காத்மாண்டுவில் காந்திப்பூர் ஊடக நிறுவனத்தின் தலைவர் கைலாஷ் சிரோஹியாவை அவருடைய அலுவலகத்துக்கே சென்று காவலர் கைது செய்தனர். என்ன வழக்கு? குடியுரிமைச் சான்றிதழ் பற்றிய வழக்கு! கூட்டுறவுப் பண விவகாரத்தில் உள்துறை அமைச்சரின் பெயர் அடிபடுவதைக் காந்திப்பூர் ஏடு விடாது எழுதிவந்த காலம் அது. சட்டம் தன் கடமையைச் செய்தது என்றனர் அமைச்சர் தரப்பார். பழிவாங்கல் என்றனர் ஏட்டினர். சிரோஹியா பின்னர் விடுவிக்கப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டில் உண்மை உண்டா என்பதை நான் ஆராயப்போவதில்லை. தமது குடியுரிமை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத அமைச்சரின் காவலர், அவரைப் பற்றி எழுதும் ஏட்டின் உரிமையாளரைக் குடியுரிமைக் காகிதத்துக்காகக் கைது செய்வதை, பழைய லாமிச்சானே தம் நிகழ்ச்சியில் எவ்வாறு காட்டியிருப்பார்? இந்தக் கேள்விக்கு அவருடைய தொண்டரே விடை சொல்லட்டும்.

கூட்டுறவு விவகாரத்துக்கு வருவோம். நேபாளத்தில் சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் உண்டு. வங்கியைவிட அதிக வட்டி; வாசற்படியில் வந்து பணம் வாங்கிச் செல்லும் வசதி. சிறு கடைக்காரர், ஓய்வூதியர், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதைச் சிறுகச் சேர்க்கும் தாய் என்று இவர்களின் பணந்தான் அங்கே கிடக்கிறது. பொக்காராவின் சூர்யதர்சன் முதலிய சங்கங்களின் பணம், கேலக்ஸி 4கே தொலைக்காட்சியை நடத்திய கோர்க்கா மீடியா நெட்வொர்க் நிறுவனத்துக்குத் திருப்பிவிடப்பட்டது என்பது குற்றச்சாட்டு. நாடாளுமன்றத்தை நடக்கவிடாமல் எதிர்க்கட்சி முடக்கிய பின்னரே, 2024 மே 28இல் விசாரணைக் குழு அமைந்தது. செப்டம்பரில் வந்த அறிக்கை, நிர்வாக இயக்குநர் என்ற முறையில் லாமிச்சானேயும் பொறுப்பாளி என்றது. அதற்குள் ஆட்சி மாறி ஓலி பிரதமராகியிருந்தார். அக்டோபர் 18இல் லாமிச்சானே கைதானார். தாம் குற்றமற்றவர் என்பதே அவர் வாதம். பழிவாங்கல் என்றது அவர் கட்சி. மே மாதத்தில் காந்திப்பூர் சொன்ன அதே சொல். ஐந்து மாதத்தில் வாய் மட்டும் மாறிற்று. ஓலியின் உள்ளத்தில் பகை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை, இருந்திருக்கலாம். குற்றம் செய்தாரா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. திரையில் உட்கார்ந்து தீர்ப்பெழுதும் வழக்கத்தை இவரிடமிருந்தே கற்றுக்கொண்டு இவர்மீதே ஏவுவது எனக்கு உடன்பாடன்று. நான் கேட்பது வேறு. நாட்டின் கணக்கையெல்லாம் கேட்ட தொலைக்காட்சி, தன் விளக்குகளும் காமிராக்களும் யார் பணத்தில் வந்தன என்று தன்னைக் கேட்டுக்கொண்டதா?

இங்கே அன்பர் ஒருவர் எழுந்து, மௌலானா ஆசாத் பத்திரிகையாளர் அல்லரா, மௌலானா முஹம்மது அலி 'காம்ரேட்' நடத்தவில்லையா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 1911இல் காம்ரேட், 1912இல் அல்ஹிலால், இரண்டும் கல்கத்தாவில் பிறந்தவை. ஆனால் அவை நடுவர் வேடம் பூணவில்லை. நாங்கள் இன்ன கட்சி, இன்ன கொள்கை என்று முதல் இதழிலிருந்தே முகத்தை மூடாமல் நின்றன. ஆட்சியை எதிர்த்து எழுதின; ஜாமீன் தொகையை இழந்தன; நிறுத்தப்பட்டன. எழுதியவர்கள் எழுத்திலிருந்து சென்ற இடம் காவலும் சிறையும். ஆசாத் அமைச்சரானது அல்ஹிலால் நின்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர். நேபாளத்திலும் கிருஷ்ண பிரசாத் பட்டராய் போன்றோர் பேனாவிலிருந்தே அரசியலுக்கு வந்தவர்கள். அவர்களும் கட்சிக்காரராகவே எழுதினர், சிறைக்கும் சென்றனர். கட்சிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுபவரை வாசகன் அறிவான். சொன்னதில் பாதியைத் தள்ளிப் படிப்பான். எந்தக் கொடியும் இல்லை, நான் உங்கள் வாய் என்று சொல்பவரிடம் எதையும் தள்ளாமல் முழுதும் நம்புகிறான். அந்த முழு நம்பிக்கையைச் சேர்த்து வைத்து, ஒரு ஜூன் மாதத்தில் பதவியை விட்டு அதே ஜூன் மாதத்தில் கட்சி தொடங்கினால், பார்த்த நிகழ்ச்சியில் எது செய்தி, எது தேர்தல் ஏற்பாடு என்று பிரித்தறிய அந்த மக்களுக்கு என்ன வழி?

அரசியலுக்கு வரவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வரலாம். சில ஆண்டுகள் திரையை விட்டு ஒதுங்கி, கணக்கைக் காட்டி, காகிதத்தைச் சரிசெய்து, சாதாரண மனிதராக ஊர் ஊராக நடந்து, கேள்விகளை வாங்கிப் பழகிக்கொண்டு வரலாம். காவல் துறையைக் கையில் கொடு என்று கேளாமலும் வரலாம். இவற்றுள் ஒன்றையேனும் அவர் செய்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

பொக்காராவில் பணம் போட்டு இழந்தவர்கள் இருக்கின்றனரே, அவர்களை நினைத்தால்தான் எனக்கு இந்த விவகாரம் முழுதும் விளங்குகிறது. சேமிப்பு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனார்கள், பூட்டியிருந்தது. காவல் நிலையத்துக்குப் போனார்கள்; எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். தலைநகரில் பதாகை பிடித்து நின்றார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே துயரம் நேர்ந்திருந்தால் அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பது நேபாளத்தில் எவருக்கும் தெரியும். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பொக்காராவில் இரவுப் பேருந்து ஏறி, காலையில் காத்மாண்டுவில் இறங்கி, லாமிச்சானேயின் தொலைக்காட்சி நிலையம் எங்கே என்று கேட்டிருப்பார்கள்.